ஆங்கிள் கிரைண்டருக்கு சி14 இன்லெட்: 10 ஆம்பியரா, 15 ஆம்பியரா?

திருப்புளி:
"பவர் டூல் ஒயரை எல்லாம் வெட்டிப் போடுங்க, கம்ப்யூட்டர் பின்னாடி கார்டு மாட்டுற சி14 இன்லெட்டை வைங்க, அரை மணி நேர வேலை, ஒரே கார்டு பத்து டூலுக்கும் ஆகும்" என்று பக்கத்து "கழற்றும் ஒயர்" இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகப் பாராட்டு வேறு. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

சி14-இன் அளவு 10 ஆம்பியர். 230 வோல்ட்டில் 850 வாட் ஆங்கிள் கிரைண்டர் 3.7 ஆம்பியர் எடுக்கும். அது சரி. 2400 வாட் பெரிய கிரைண்டர் 10.4 எடுக்கும், அதுவும் சீராக ஓடும்போது. ஸ்டார்ட் ஆகும் நொடியிலும் வட்டு சிக்கும்போதும் பல மடங்கு ஏறும். "எல்லா டூலுக்கும்" என்று எந்த தைரியத்தில் எழுதினீர்கள்?

செம்புக்கம்பி:
எழுதினது நான்தான். நேராவே என்கிட்ட கேட்டிருக்கலாம். ஒரு சி14 இன்லெட்டைக் கையில எடுத்துத் திருப்பிப் பாருங்க. பல கம்பெனி பீஸ்ல 10 ஆம்பியர்னு ஒரு வரி இருக்கும், 15 ஆம்பியர்னு இன்னொரு வரி இருக்கும். ரெண்டும் அதே பித்தளைப் பின். 15 தாங்குற பின் 10.4 தாங்காதா?

திருப்புளி:
10 என்பது ஐஈசி 60320 என்ற சர்வதேசத் தரம் கொடுக்கும் அளவு. 15 வட அமெரிக்காவின் பாதுகாப்புச் சோதனை நிறுவனமான யூஎல் கொடுக்கும் அளவு. அந்த 15-க்கு கார்டிலும் 14 கேஜ் கம்பி வேண்டும், அதாவது சுமார் 2 சதுர மி.மீ. நீங்கள் மாட்டச் சொல்லும் கம்ப்யூட்டர் கார்டில் பெரும்பாலும் 0.75 தான் இருக்கும். பின் மட்டும் தாங்கினால் போதுமா?

சூடு பிறப்பது பின்னிலும் இல்லை, பின்னைக் கவ்வும் ஸ்பிரிங்கில். காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் 10 மில்லி ஓம் என்றால் 10 ஆம்பியரில் 1 வாட் சூடு. கிரைண்டர் அதிர்வில் ஸ்பிரிங் தளர்ந்து 50 மில்லி ஓம் ஆனால் 5 வாட். பெருவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் 5 வாட்! சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும், ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும். சி14-க்கும், அதில் மாட்டும் கார்டு முனையான சி13-க்கும் பின்னின் சூட்டு வரம்பு 70 டிகிரி. மேசை மேல் அசையாமல் இருக்கும் பெட்டிக்காக வந்த சாமான் அது.

மரச்சீவல்:
ஒரு சின்ன சந்தேகம். 500 வாட் ஜிக்சா 2.2 ஆம்பியர்தானே, அதற்கு சி14 போதுமா? அப்புறம் "கழற்றும் ஒயர்" என்று இங்கே எதைச் சொல்கிறோம்? பாடியில் பதிக்கும் இன்லெட்டையா, ஒயர் நடுவில் போடும் இணைப்பையா? அதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசலாமே.

செம்புக்கம்பி:
கார்டு மெலிசுன்னா தடிச்ச கார்டு போடுங்க. 1.5 சதுர மி.மீ. போட்ட சி13 கார்டும் இருக்கு. அப்போ 15-தானே? அச்சுல இருக்கிறதை இல்லைன்னு சொல்ல முடியாது.

கார்பன்பிரஷ்:
பின்னைப் பற்றியே பேசுகிறீர்கள், பதிக்க இடம் எங்கே? திருகால் பிடிக்கும் சி14-க்கு இரண்டு திருகு துளைகளுக்கு நடுவே 40 மி.மீ. வேண்டும். கைப்பிடி முனையில் அவ்வளவு தட்டையான இடம் கிடையாது, உள்ளே சுவிட்சும் கெப்பாசிட்டரும் முட்டிக்கொண்டு இருக்கும். துளை போட்டால் கைப்பிடியின் பலம் போச்சு.

சரியான வழி வால் விடுவது. டூலிலிருந்து 30 செ.மீ. ஒயரை அப்படியே விட்டு வெட்டுங்கள். கழுத்து ரப்பரும் உள்ளே இருக்கும் கிளாம்ப்பும் கம்பெனி போட்டபடியே இருக்கும், இழுவையை அவை தாங்கும். வால் முனையில் ஆண் இணைப்பு, சுவரிலிருந்து வரும் கார்டில் பெண் இணைப்பு. மாற்றிப் போட்டால் கரண்ட் உள்ள பின் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தொட்டால் ஆள் காலி. வாலை வெட்டும் முன் ஒயரைக் கழுத்து ரப்பர் பக்கம் வளைத்துப் பாருங்கள். டூல் விட்டு விட்டு ஓடினால் கம்பி அங்கேயே உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. அந்த வாலில் இணைப்பு போட்டுப் பயனில்லை.

ஈயப்பற்று:
வால் யோசனை நல்லது. முனைக் கம்பிகளுக்கு ஈயம் பூசி இணைப்பின் திருகில் முடுக்கினால் ஒரு இழைகூட வெளியே சிதறாது.

கார்பன்பிரஷ்:
ஈயம் பூசிய முனையைத் திருகின் கீழ் வைக்கவே கூடாது. ஈயம் மெத்து. அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும், திருகு தானாக லூஸ் ஆகும், அங்கேதான் கருகும். ஈயம் முடியும் இடத்தில் கம்பி விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியவும் செய்யும். ஃபெரூல், அதாவது முனையில் மாட்டும் சின்ன உலோகக் குழாய், போட்டுக் கிரிம்ப் பண்ணுங்கள். கார்பன் பிரஷ் இழையிலும் இதைத்தான் சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை.

ஈயப்பற்று:
அந்த இழையில் நீங்கள் பதில் சொல்லாமல் போனதுதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

திருப்புளி:
ஈயச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வால் விட்டாலும் முனையில் சி14 என்றால் அதே 10 ஆம்பியர்தான்.

இன்னும் இரண்டு விஷயம். கிரைண்டர் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது டபுள் இன்சுலேஷன் டூல், அதற்கு எர்த் கிடையாது. சி14-இல் எர்த் பின் உண்டு. அதைச் சும்மா விட்டால் அடுத்து எடுப்பவர் எர்த் இருக்கிறது என்று நம்புவார். கியர் தலையோடு இணைத்தால் உள்ளே உலோகக் கம்பி ஓடி, இரட்டைக் காப்பு கெட்டது. பாடியில் இரும்புத் திருகு போட்டு இன்லெட்டைப் பிடித்தாலும் அதே கதிதான். எர்த் இல்லாத சி18 என்று ஒன்று இருக்கிறது. அதுவும் 10 ஆம்பியர்தான்.

இரண்டாவது, சி13-க்குப் பூட்டு இல்லை, உராய்வில்தான் நிற்கிறது. ஓடும்போது கழன்றால் பின்னில் பொறி பறக்கும். அது பரவாயில்லை. சுவிட்ச் லாக்கில் இருக்கும்போது கழன்று, ஆள் அதை மறந்து, ஒரு கையில் கிரைண்டரைப் பிடித்தபடி மறு கையால் கார்டை அழுத்தினால்? திரும்ப ஓடாமல் தடுக்கும் சர்க்யூட் இல்லாத டூல் என்றால் வட்டு அந்த நொடியே முழு வேகத்தில் சுற்றும்.

செம்புக்கம்பி:
பூட்டு வச்ச சி13 கிடைக்குது. தெரியாம பேசாதீங்க. ஃபெஸ்டூல்ல பிளக்-இட், மில்வாக்கீல குயிக்-லாக், ரெண்டும் கழற்றுற கார்டுதானே? அவங்க மட்டும் முட்டாளா?

திருப்புளி:
இரண்டுமே திருகிப் பூட்டும் இணைப்பு, டூலுக்காகவே செய்தது. அதில் எங்கே சி14? என் பேச்சையே எனக்கு ஆதாரமாகக் கொண்டுவந்ததற்கு நன்றி.

கார்பன்பிரஷ்:
பெரிய டூலுக்கு நியூட்ரிக் கம்பெனியின் பவர்கான் இணைப்புப் பக்கம் போகலாம், முறுக்கினால் பூட்டிக்கொள்ளும். ஆனால் பழைய நீல நிற 20 ஆம்பியர் மாடலைக் கரண்ட் ஓடும்போது கழற்றக் கூடாது, அதற்கு அந்தத் தகுதி இல்லை. பவர்கானிலேயே ட்ரூ1 மாடலுக்கு உண்டு, அது 16 ஆம்பியர். கார்டு ரப்பர் உறை போட்ட எச்07ஆர்என்-எஃப் ஆக இருக்கட்டும். சூடான இரும்புத் துகள் பட்டால் பிவிசி உருகிவிடும். 20 மீட்டர் கார்டை 0.75 சதுர மி.மீ. கம்பியில் போட்டால் 10 ஆம்பியரில் 9 வோல்ட் கார்டிலேயே போய்விடும்.

ஈயப்பற்று:
30 செ.மீ. வால் கிரைண்டரில் வட்டு வரை எட்டும். 15 செ.மீ. போதும்.

கார்பன்பிரஷ்:
15 விட்டால் இணைப்பு மணிக்கட்டில் இடித்துக்கொண்டே இருக்கும். ஒயரைப் பின்பக்கமாகத் தோளை ஒட்டி விடத் தெரிந்தவருக்கு 30 இடைஞ்சல் இல்லை.

மரச்சீவல்:
ஜிக்சா, 2.2 ஆம்பியர்... யாராவது?

செம்புக்கம்பி:
எவ்வளவு சுத்தி வந்தாலும் அந்த 15-க்கு இன்னும் பதில் வரலை. ஒரே பின், ரெண்டு அச்சு.

திருப்புளி:
மூன்று தடவை வந்துவிட்டது, படிக்க மனசில்லை என்றால் நான் என்ன செய்ய? 230 வோல்ட்டில், ஐஈசி கணக்கில், சி14 10 ஆம்பியர். பூட்டு போட்டால் இழுவை நிற்கும், சூடு நிற்காது.

செம்புக்கம்பி:
15-னு அச்சுல இருக்கு.

ஈயப்பற்று:
ஃபெரூல் போட்ட முனையையும் அதிர்வுக்கு அப்புறம் திரும்ப முடுக்கத்தான் வேண்டும். அதை ஏன் இங்கே யாரும் சொல்லவில்லை?