பேட்டில்ஸ்டார் கலாக்டிகா: பழசை ரீமேக் மிஞ்சிவிட்டதா?

வைப்பர்78
பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "பழைய கலாக்டிகா சின்னப் பிள்ளைகள் தொடர், ரீமேக்தான் உண்மையான படைப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கிளென் லார்சனின் தொடர் 1978 செப்டம்பர் 17 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 24 அத்தியாயங்களோடு நிறுத்தப்பட்டது. சைலான் என்ற எதிரிகளால் அழிந்துபோன பன்னிரண்டு உலகங்கள், தப்பிய ஒரே போர்க்கப்பலான கலாக்டிகா, அதன் பின்னால் கிடைத்ததை எல்லாம் திரட்டிக்கொண்டு ஓடும் பயணிகள் கப்பல்கள், எங்கேயோ இருக்கும் பூமி. இவ்வளவும் லார்சன் யோசித்தது. 2003 டிசம்பரில் ரொனால்ட் டி. மூர் குறுந்தொடராக ஆரம்பித்து 2009 மார்ச் வரை நான்கு சீசன் ஓட்டியது இந்த அடித்தளத்தின் மேல்தான். அவர் கூடுதலாகக் கொண்டு வந்தது இருட்டு. எல்லோரும் குடிக்கிறார்கள், எல்லோரும் துரோகம் செய்கிறார்கள், அப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது மட்டும்தான் தரம் என்று ஏற்றுக்கொள்ள முடியாது.

கேப்ரிகாவாசி
அண்ணா, அடித்தளம் லார்சனுடையது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அதன் மேல் அவர் என்ன கட்டினார் என்பதுதான் கேள்வி. முதல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மனித இனமே கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. அதே கதை முடிவதற்குள் தப்பியவர்கள் காரில்லான் கோளில் சூதாட்ட விடுதியில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் வாரம் ஒரு கோள், வாரம் ஒரு சாகசம். இறந்த கோடிக்கணக்கானவர்களை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

ரீமேக்கில் "33" என்ற முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். 33 நிமிடத்துக்கு ஒரு முறை சைலான்கள் வந்து நிற்கிறார்கள். ஐந்து நாளுக்கு மேல் யாரும் தூங்கவில்லை. கடைசியில், எதிரி பின்தொடரக் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படும் ஒரு பயணிகள் கப்பலை, உள்ளே ஆயிரத்துக்கும் மேல் சொந்த மக்கள் இருக்கக்கூடும் என்று தெரிந்தே, விமானிகளான லீ அடாமாவும் (தளபதி அடாமாவின் மகன்) ஸ்டார்பக்கும் சுட வேண்டியிருக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஜனாதிபதி ரோஸ்லின் ஒரு வெள்ளைப்பலகையில் எழுதி வைத்திருக்கிறார். அந்த எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். கப்பல் நடைவழிச் சுவர் முழுக்கக் காணாமல் போனவர்களின் புகைப்படங்கள். அந்தச் சுவர் தொடர் முழுக்க இருந்துகொண்டே இருந்தது. அந்த அத்தியாயத்துக்கு 2005-இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது நியாயமானது.

வைப்பர்78
தம்பி, காரில்லானை நீங்கள் பார்த்த விதம் வேறு, நான் பார்த்த விதம் வேறு. அந்த விடுதி ஒரு பொறி. எல்லாம் இழந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மறக்க ஆசைப்படுவார்கள், அந்த ஆசையை வைத்துத்தான் எதிரி வலை விரிக்கிறான். ஆயுதத்தைக் கீழே போட்டுவிடலாம் என்று மக்கள் சபையிலேயே ஒருவர் பேச ஆரம்பிக்கிறார். மனிதர்கள் அப்படி நடந்துகொள்வார்கள் என்பதை நம்ப முடியவில்லையா உங்களுக்கு?

அப்புறம் துக்கம் இல்லை என்று சொல்லாதீர்கள். தளபதி அடாமாவின் இளைய மகன் ஸாக் தாக்குதலின் முதல் நிமிடங்களிலேயே சாகிறான். மனைவியையும் இழந்த அடாமாவாக லோர்ன் கிரீன், எரிந்து கிடக்கும் தன் வீட்டில் போய் நிற்கிறார். அந்த முகத்தில் இருப்பதை ரீமேக்கின் ஆடும் கேமரா ஒரு சீசன் முழுக்க அலைந்தும் பிடிக்கவில்லை.

இன்னொன்று, இது ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்தோடு பார்க்கும் நேரத்தில் வந்த தொடர். அந்த நேரத்தில் வாராவாரம் உயிருள்ளவர்களைச் சுட்டுத்தள்ளுவது போல் காட்ட முடியாது என்பதால்தான் சைலான்கள் இயந்திரங்களாக மாறினார்கள். இத்தனை கட்டுக்குள் செய்த வேலையை, 25 வருடம் கழித்துக் கேபிள் சேனலில் சுதந்திரமாக எடுத்ததோடு அப்படியே வைத்து எடை போடுவது நியாயமில்லை.

தொலைநோக்கி
கட்டுப்பாடு எல்லாத் தொடருக்கும் உண்டு. அதைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு தொடரும் ஒரே பாத்திரத்தை எப்படிக் கையாண்டன என்று பார்ப்போம். கமாண்டர் கெயின், அழிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்த அவருடைய பெகாசஸ் போர்க்கப்பல்.

1978-இல் லாய்ட் பிரிட்ஜஸ் நடித்த கெயின் ஒரு வீரர். துணிச்சல்காரர், கொஞ்சம் தலைக்கனம், அவ்வளவுதான். எதிரிக்குள்ளே பாய்ந்து மறைந்து போகிறார், நாம் கை தட்டுகிறோம். ரீமேக்கில் மிஷெல் ஃபோர்ப்ஸ் நடித்த அட்மிரல் கெயினும் அதே துணிச்சலோடுதான் வருகிறார். ஆனால் அந்தத் துணிச்சலுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று இந்தத் தொடர் கேட்கிறது. வழியில் கிடைத்த பயணிகள் கப்பல்களிலிருந்து வேண்டிய பாகங்களையும் ஆட்களையும் பிடுங்கிக்கொண்டு, மிச்சம் இருந்தவர்களை நடு விண்வெளியில் விட்டுவிட்டுப் போனவர் அவர். உத்தரவுக்கு மறுத்த தன் துணைத் தளபதியை எல்லோர் முன்னாலும் சுட்டவர். கைதியாக இருக்கும், மனித உருவில் உள்ள சைலான் பெண்ணை அந்தக் கப்பலில் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்கவே முடியாது. அதைவிட, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஜனாதிபதியான ரோஸ்லினே "கெயினைக் கொன்றாக வேண்டும்" என்று அடாமாவிடம் சொல்லும் இடம் வருகிறதே, அங்கே நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாமல் போகிறது.

பழைய தொடரில் ராணுவம் சொன்னால் சரி, சபை சொன்னால் தவறு. வாராவாரம் அதேதான். அடாமா தவறே செய்ய மாட்டார். எனக்கு அதுதான் பெரிய குறை.

ஒளிக்கப்பல்
ரீமேக் ரசிகர்கள் யாரும் கடைசி அத்தியாயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லையே. நான்கு சீசன் முழுக்க அரசியல், போர், சித்திரவதை, தேர்தல் என்று தரையில் கால் ஊன்றி நின்ற தொடர், முடிவில் எல்லாவற்றையும் கடவுள் கணக்கில் எழுதிவிட்டது. விஞ்ஞானி பால்டரின் தலைக்குள் வந்துகொண்டிருந்தவள் ஒரு தேவதை. ஸ்டார்பக் செத்தாள், திரும்பி வந்தாள், பேசிக்கொண்டிருக்கும்போதே காற்றில் மறைந்தாள், விளக்கம் கிடையாது. எஞ்சிய மக்கள் அத்தனை பேரும் மருத்துவத்தையும் கருவிகளையும் விட்டுவிட்டு, கப்பல்களைச் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு காட்டுக்குள் போகச் சம்மதிக்கிறார்கள். ஆளுக்கொரு கருத்து சொல்லி நான்கு வருடம் சண்டை போட்ட கூட்டம் அது. ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை.

பழைய தொடர் இதை மறைத்து வைக்கவே இல்லை. சாத்தான் போன்ற கவுண்ட் இப்லிஸ் வரும் கதையில் அடாமாவின் மூத்த மகன் அப்பல்லோ இறக்கிறான், ஒளிக்கப்பலில் இருப்பவர்கள் அவனுக்கு உயிர் கொடுத்து அனுப்புகிறார்கள். இது நம்பிக்கையைப் பற்றிய கதை என்று தொடரின் நடுவிலேயே நேராகச் சொல்லிவிட்டார்கள். ரீமேக்கின் ஸ்டார்பக் அந்த அப்பல்லோவின் வழியில்தான் வந்தவள். மூர் கடைசியில் லார்சனிடமே வந்து சேர்ந்தார், ஆனால் அங்கே போகும் பாதையை முதலிலிருந்து போட்டு வைக்கவில்லை.

கேப்ரிகாவாசி
முடிவு எனக்கும் உறுத்தல்தான், குறிப்பாகத் தொழில்நுட்பத்தை எல்லோரும் ஒரே மனதாகத் துறந்தது. ஆனால் பாதை போடவில்லை என்பதை ஏற்க மாட்டேன். குறுந்தொடரிலிருந்தே, பால்டரின் தலைக்குள் வரும் 'ஆறாம் எண்' என்ற சைலான் பெண் அவனிடம் கடவுளைப் பற்றித்தான் பேசுகிறாள். ஒரே கடவுளை நம்பும் இயந்திரங்கள், பல கடவுளைக் கும்பிடும் மனிதர்கள். நாம்தான் அதைப் பால்டரின் மனப்பிரமை என்று ஒதுக்கிவைத்தோம். கப்பல்கள் சூரியனை நோக்கிப் போகும்போது ஸ்டூ பிலிப்ஸின் பழைய முகப்பிசை ஒலிக்கிறது. 1978-க்கு அவர்கள் செய்த அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அப்புறம், ஒரு முடிவை வைத்து, மனிதர்கள் குடியேறிய கோளைச் சைலான்கள் பிடித்துக்கொள்ளும் நியூ கேப்ரிகா கதையை மறந்துவிட முடியுமா? 2006-இல், ஈராக் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஓர் அமெரிக்கத் தொடர் தன் கதாநாயகர்களையே ஆக்கிரமிக்கப்பட்ட மக்களாக மாற்றியது. நாம் நேசித்த, அடாமாவின் துணைத் தளபதி கர்னல் டைதான் தற்கொலைத் தாக்குதலுக்கு ஆள் அனுப்புகிறார். பார்வையாளரை அந்த இடத்தில் நிறுத்தும் தைரியம் அந்தக் காலத்தில் வேறு யாருக்கு வந்தது?

வைப்பர்78
நியூ கேப்ரிகா அத்தியாயங்கள் அருமை. அதை எங்கேயும் மறுக்கவில்லை. ஆனால் மனிதனும் சைலானும் நெருங்குவது, எதிரிக்குள்ளும் ஓர் உயிர் இருப்பது, இதையெல்லாம் ரீமேக்தான் கண்டுபிடித்தது என்று பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பழைய தொடரின் தொடர்ச்சியாக 1980-இல் பத்தே அத்தியாயம் வந்த "கலாக்டிகா 1980"-ஐ எல்லோரும் திட்டுவார்கள். பறக்கும் மோட்டார் சைக்கிள் எல்லாம் உண்டு, திட்டட்டும். ஆனால் அதன் கடைசி அத்தியாயத்தைப் பாருங்கள். பழைய தொடரில் டர்க் பெனடிக்ட் நடித்த ஆண் ஸ்டார்பக் ஆளில்லாத கோளில் தனியாக விழுந்துகிடக்கிறான். பேச்சுத் துணைக்கு யாரும் இல்லாததால் உடைந்த சைலான் ஒன்றைப் பழுதுபார்த்து எழுப்புகிறான். அதற்கு 'சை' என்று பெயர் வைக்கிறான். சண்டை போடுகிறார்கள், விளையாடுகிறார்கள், நண்பர்கள் ஆகிறார்கள். கடைசியில் மற்ற சைலான்கள் ஸ்டார்பக்கைக் கொல்ல வரும்போது சை அவனுக்காகத் தன் இனத்தையே எதிர்த்துச் சாகிறது. உலோக உடை, சிவப்புக் கண், ஒரே தட்டையான குரல். மனித முகம்கூட இல்லாத ஒன்றுக்காக நம்மை அழ வைத்தார்கள்.

பழைய அப்பல்லோவாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச்சையும் சொல்ல வேண்டும். பழைய கதையைத் தொடர வேண்டும் என்று தன் சொந்த முயற்சியில் 1999-இல் முன்னோட்டப் படமே எடுத்தவர். ரீமேக்கை ஆரம்பத்தில் எதிர்த்தவர். அப்புறம் அதிலேயே டாம் ஸாரெக் என்ற கலகக்கார அரசியல்வாதியாக வந்து, நான்காம் சீசன் கலகம் வரை அந்தத் தொடரைத் தாங்கிப் பிடித்தார். பழைய தொடர் வெறும் பளபளப்பு என்றால் இந்த மனிதர் எதற்காக அவ்வளவு பாடுபட்டார்?

தொலைநோக்கி
ஹாட்ச் பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஸாரெக் பேசும் ஒவ்வொரு காட்சியிலும் எதிரே இருப்பவர்கள் சின்னவர்களாகத் தெரிவார்கள். ஆனால் சை ஒரே ஓர் அத்தியாயம். மனித உருவிலுள்ள சைலான் ஷாரன், மனிதனுக்குப் பிறந்த அவள் குழந்தை ஹீரா, அவளை நம்பலாமா என்று அடாமா படும் பாடு, இவை வருடக்கணக்கில் நடக்கின்றன. யோசனை முதலில் யாருக்கு வந்தது என்பதைவிட, அதை யார் கடைசிவரை கொண்டுபோனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

கேப்ரிகாவாசி
சை வரும் அத்தியாயத்தை நான் பார்த்ததில்லை அண்ணா. "1980" என்றாலே எல்லோரும் தவிர்க்கச் சொன்னதால் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த வாரம் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள் நீங்கள் "33"-ஐயும் இரண்டாம் சீசன் பெகாசஸ் கதையையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். கெயின் விஷயத்தில் தொலைநோக்கி சொன்னதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.