ஈயம் உருக்கினா கஞ்சி மாதிரி நிக்குது, அச்சுல இறங்கல – அவசர உதவி

தூண்டில்பித்தன்:
வணக்கம். தூண்டிலுக்கு ஈயக்குண்டு ஊத்துறேன், மிஞ்சினதைப் பக்கத்துல மீன் பிடிக்கறவங்களுக்கு விக்கறது. இதுவரை பிரச்சினை இல்ல. இந்தத் தடவை உருகினதும் மேலே கஞ்சி மாதிரி திப்பிதிப்பியா நிக்குது. கரண்டியில மொண்டு ஊத்தினா அச்சுல பாதியோட நின்னுடுது, வர்ற குண்டும் முழுக்கச் சுருக்கம். சூட்டை நல்லா ஏத்தியும் பாத்தாச்சு, இன்னும் மோசம். சட்டியில பதினஞ்சு கிலோ இருக்கு. நாளைக்குக் குண்டு கொடுக்கணும், யாராவது சொல்லுங்க.

பாறைமீன்:
ஈயம் எங்க வாங்கினது தம்பி? அதைச் சொல்லாம என்னத்தைச் சொல்ல? தகடா, கேபிள் உறையா, பழைய வலையில இருந்து உருவினதா? அடுப்பு என்ன அடுப்பு?

அச்சுக்காரன்:
சுருக்கம் விழுந்தாலே அச்சு ஆறிக் கிடக்குன்னு அர்த்தம். முதல்ல அச்சை அடுப்போரம் வெச்சுச் சூடாக்குங்க. முதல் ரெண்டு மூணு குண்டு எப்பவும் வீண்தான், திரும்பச் சட்டியில போட்டுடணும். பத்துல ஒன்பது கேஸ் இதான்.

கடலோடி:
அச்சுல ஈரம் இருக்கான்னு பாருங்க ப்ரோ. ஒரு சொட்டுத் தண்ணி போதும், நீராவியாகி ஈயம் மூஞ்சில தெறிக்கும். கண்ணாடி, முழுக்கைச் சட்டை, ஷூ போட்டுட்டுத்தானே செய்யறீங்க?

மெழுகுவர்த்தி:
கொஞ்சம் மெழுகு போட்டுக் கிண்டுங்க, எல்லாக் கசடும் மேல வந்துடும். நான் இருபது வருஷமா இதான் செய்யறேன்.

உலைமுனி:
இதே கேள்வி இங்க எத்தனை தடவை வந்திருக்குன்னு தேடிப் பாத்திருக்கலாம். எங்க வாங்கினதுன்னு சொல்லல, என்ன சூடுன்னு சொல்லல, சட்டி எதுன்னு சொல்லல, ஆனா "அவசரம்". மெழுகு, ஆக்சைடா மாறின வெள்ளீயத்தையும் ஆண்டிமனியையும் (ஈயத்தைக் கெட்டியாக்கக் கலக்கற உலோகங்கள்) திரும்ப ஈயத்துல சேர்க்கத்தான் உதவும். கலந்துபோன வேற உலோகத்தைப் பிரிக்காது. அச்சு, ஈரம், மெழுகுன்னு ஜோசியம் பாக்கறதை நிறுத்திட்டு அவர் பதில் வரட்டும்.

தூண்டில்பித்தன்:
வீல் பேலன்சிங் பண்ற கடையில கழட்டிப் போட்ட வெயிட், கார் சக்கர விளிம்புல கிளிப்போட மாட்டற குட்டிக் கட்டிங்க. ஒரு பை நிறைய. எப்பவும் தகடுதான் வாங்குவேன், இது சல்லிசா கிடைச்சுது. கேஸ் பர்னர். சட்டி இரும்பு. தெர்மாமீட்டர் இல்ல.

பாறைமீன்:
அப்போ சட்டிக்குள்ள துத்தநாக வெயிட்டும் சேர்ந்து போயிடுச்சு தம்பி, அதான் கஞ்சி மாதிரி நிக்குது. ஈயம் 327 டிகிரியில உருகும், துத்தநாகம் 419-ல. சூடு குறைவா இருந்திருந்தா துத்தநாக வெயிட்டும் இரும்புக் கிளிப்பும் உருகாம மிதந்திருக்கும், அள்ளி எறிஞ்சிருக்கலாம். நீங்க சூட்டை ஏத்தினீங்க பாருங்க, அதுல மிச்சமிருந்ததும் கரைஞ்சிருக்கும்.

உலைமுனி:
ஐரோப்பாவுல 2005 ஜூலையில இருந்து புதுக் கார்களுக்கு ஈய வெயிட் தடை. இங்கயும் கடைக் குப்பையில இரும்பு, துத்தநாகம், ஈயம் மூணும் கலந்துதான் கிடக்கு. சட்டியில போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா பாக்கணும். சிலதுல "இஸட் என்" (துத்தநாகம்), "எஃப் இ" (இரும்பு), "பி பி" (ஈயம்)னு குத்தியிருக்கும். காந்தம் ஒட்டினா இரும்பு. கட்டிங் பிளேயர்ல கடிச்சா ஈயத்துல பல் பதியும், துத்தநாகம் வழுக்கும். அப்பவும் சந்தேகம்னா அரத்தால தேய்ச்ச இடத்துல பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டு. துத்தநாகம் நுரைக்கும், ஈயம் சும்மா இருக்கும். ஆசிட் பட்டதைக் காயாம சட்டியில போடாதீங்க. இதெல்லாம் அடிப்படை.

கடலோடி:
அடிப்படைதான் அண்ணே, அவர் கேட்டது சட்டியில இருக்கறதை என்ன பண்றதுன்னு.

கந்தகம்:
கந்தகப்பொடி தூவுங்க. துத்தநாகத்தைப் பிடிச்சு மேல கொண்டு வந்துடும்.

உலைமுனி:
கந்தகத்தை ஆலையில ஈயத்துல இருந்து செம்பை எடுக்கப் போடுவாங்க. வீட்டு முற்றத்துல தூவினா மூச்சு முட்டும், அவ்வளவுதான்.

பாறைமீன்:
தீயை அணைச்சு மெதுவா ஆற விடுங்க. உறையற நிலைக்குக் கொஞ்சம் மேல இருக்கறப்போ ஈயத்துல துத்தநாகம் அரை சதவீதம்போலத்தான் கரைஞ்சு நிக்கும். மிச்சம் ஆடை கட்டி மேல வரும். ஓரம் உறையத் தொடங்கறப்போ ஓட்டைக் கரண்டியால வழிச்சு எடுங்க. திரும்ப லேசா சூடாக்கி இன்னொரு தடவை. ஆலைக்காரங்க இதைத் தலைகீழா செய்வாங்க: ஈயத்துல இருக்கற வெள்ளியை இழுக்க வேணும்னே துத்தநாகம் போட்டு அந்த ஆடையை அள்ளுவாங்க, பார்க்ஸ்ங்கிறவர் 1850-ல காப்புரிமை வாங்கின முறை. முழுசா சுத்தமாகாது. பெரிய குண்டுக்குப் போதும், சின்ன அச்சுக்கு இழுக்காது.

சரக்குசேகர்:
இவ்வளவு பாடு எதுக்கு? அப்படியே கட்டியா ஊத்தி காயலான் கடையில ஈயம்னு தள்ளிடுங்க. காசை வாங்கிட்டு வேற வாங்குங்க.

அச்சுக்காரன்:
அது ஏமாத்து வேலை. அந்தக் கட்டி நாளைக்கு இன்னொருத்தன் சட்டிக்குத்தான் வரும்.

சரக்குசேகர்:
கடைக்காரன் தராசுல அடிக்காததா? ஊருக்கு ஒரு நியாயமா?

பாறைமீன்:
கட்டியா கொண்டு போனா உள்ள என்ன இருக்குன்னு தெரியாம விலையைக் குறைப்பான். தகட்டைத் தகடாவே, கேபிள் உறையை உறையாவே கொடுத்தா நல்ல விலை. கலப்புன்னு சொல்லியே வித்துடுங்க தம்பி, கிலோவுக்குக் குறைஞ்சாலும் பரவாயில்ல.

சரக்குசேகர்:
அதுக்குப் பேசாம பழைய பேட்டரியை உடைக்கலாம். ஒண்ணுல கிலோக்கணக்குல ஈயம்.

உலைமுனி:
தயவுசெஞ்சு வேண்டாம். உள்ள கந்தக அமிலம். தட்டுல பாதிக்கு மேல ஈயச் சேர்மங்களோட பசை, அது உங்க சட்டியில உலோகமாகவே ஆகாது. ஆண்டிமனி, ஆர்செனிக் கலந்த கசடு ஈரப்பட்டா வர்ற வாயு ஆளையே கொல்லும். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரங்களுக்குத்தான் போகணும். முழு பேட்டரியா கடையில கொடுத்தா புதுசு விலையில கழிப்பான், உடைக்கறதுல என்ன லாபம்?

சரக்குசேகர்:
எங்க ஊர்ல எல்லாரும் உடைக்கறாங்க, யாரும் சாகல.

கடலோடி:
அந்தத் தெருப் பசங்க ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு யாராவது பாத்தாங்களா? நஞ்சு புகையில மட்டும் இல்ல சேகர். கசடுத் தூள் கையில ஒட்டி வாய்க்குப் போகுது, சட்டையோட வீட்டுக்கு வருது. தூண்டில்பித்தன், குழந்தைங்க பக்கத்துல இல்லையே?

தூண்டில்பித்தன்:
இல்ல அண்ணா, தோட்டத்துல. ரெண்டு தடவை வழிச்சேன், நிறைய ஆடை வந்துச்சு. 200 கிராம் அச்சுல சுமாரா விழுது. சின்னது இன்னும் சுருக்கம்தான். நன்றி.

அச்சுக்காரன்:
சின்ன அச்சைச் சூடாக்கிப் பாத்தீங்களா?

சரக்குசேகர்:
தம்பி, அந்த வெயிட் கிலோ என்ன விலைக்கு வாங்கினீங்க?

அச்சுக்காரன்:
அச்சு அலுமினியமா, இரும்பா? ஒரு படம் போடுங்க.