வீடியோ வகுப்பில் என் குரல் மட்டும் வெட்டி வெட்டிப் போகிறது, உதவுங்கள்

பூண்டுக்காடு (மாலை 6.05)
வணக்கம். 7 மணிக்கு வகுப்பு, அவசரமாகக் கேட்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 9 பேருக்கு வாரத்தில் மூன்று நாள் வீடியோ காலில் கணக்கு சொல்லித் தருகிறேன். ஒரு வாரமாக என் குரல் அறுந்து அறுந்து போகிறதாம். "டீச்சர், ரோபோ பேசுற மாதிரி கேக்குது" என்கிறார்கள். அவர்கள் பேசுவது எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது. எல்லோரையும் வீடியோவை அணைக்கச் சொல்லியும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

மேட்டுத்தெரு (6.11)
எந்த ஊர்? கைப்பேசியா, லேப்டாப்பா? வைஃபையா, சிம் டேட்டாவா? எந்த ஆப்?

மஞ்சுமலை (6.14)
மலைப்பகுதி என்றால் மழைதான் காரணம். எங்கள் கோத்தகிரியிலும் ஐப்பசி பிறந்தால் இதே கதைதான். மழை விட்டால் தானாகச் சரியாகிவிடும்.

வடம் (6.17)
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது. கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்க்க வேண்டும். ஃபைபர் இணைப்பு இல்லாமல் 9 பேருக்கு வகுப்பு எடுப்பதே அடிப்படைத் தவறு. முதலில் ஃபைபர் போடுங்கள்.

பூண்டுக்காடு (6.21)
பூம்பாறை. எங்கள் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை. போன் ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப். இரண்டு ஆப்பில் பார்த்துவிட்டேன், இரண்டிலும் இப்படித்தான். ஸ்பீடு 14 எம்பிபிஎஸ் காட்டுகிறது.

மேட்டுத்தெரு (6.23)
14 டவுன்லோடு. அப்லோடு எவ்வளவு?

பூண்டுக்காடு (6.24)
0.4

டவர்வேலை (6.32)
அப்படியென்றால் இடம் தெரிந்துவிட்டது, டீச்சர். உங்களிடமிருந்து மேலே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. பிள்ளைகளின் வீடியோவை அணைத்தால் உங்களுக்கு வந்து இறங்கும் பாரம்தான் குறையும். அந்த வழியில் உங்களுக்குக் குறையே இல்லை. உங்கள் கேமராவும் ஸ்கிரீன் ஷேரும் ஓடிக்கொண்டிருக்கிறதா? மேலே போவது அதுதான். நீங்கள் அனுப்பும் ஒரு பிரதியை சர்வர் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஆகவே 9 பேர் இருந்தாலும் 30 பேர் இருந்தாலும் உங்கள் அப்லோடு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

குரலுக்கு அதிகம் தேவையில்லை. குரலைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். பெரும்பாலான வீடியோ கால்கள் பயன்படுத்தும் ஓபஸ் கோடெக்கில் நொடிக்கு 24 முதல் 32 கிலோபிட் கிடைத்தாலே பேச்சு தெளிவாகப் போகும். உங்கள் 0.4 என்பது 400 கிலோபிட். அப்படியும் அறுகிறது என்றால் வேறு ஏதோ அந்த வழியில் ஏறிக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பில் போட்டோ பேக்கப் ஓடுகிறதா பாருங்கள். மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் மாட்டிய பைக் போல, படங்களின் பின்னால் குரல் வரிசையில் நிற்கும். தாமதமாக வந்து சேரும் குரல் துண்டை ஆப் தூக்கிப் போட்டுவிடும். அதுதான் ரோபோ சத்தம்.

இன்னொன்று, போன் எங்கே இருக்கிறது? டவர் பல பத்து வாட் சக்தியில் அனுப்புகிறது. நம் போன் அதிகபட்சம் 0.2 வாட். சிக்னல் ஓரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் சாவது அப்லோடுதான். தகரக் கூரைக்குக் கீழே, உள்ளறையில் போனை வைக்காதீர்கள்.

சிக்னல்தாசன் (6.38)
இவ்வளவு எதற்கு? சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்று வாங்கிக் கூரையில் மாட்டுங்கள். என் மாமா வீட்டில் இருக்கிறது.

டவர்வேலை (6.41)
வேண்டாம். உரிமம் இல்லாமல் மொபைல் பூஸ்டர் வைப்பது நம் நாட்டில் சட்டவிரோதம். அது எழுப்பும் இரைச்சலில் டவரின் காது அடைத்து, சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் அப்லோடு கெட்டுப்போகும். உங்கள் மாமா வீட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சிக்னல்தாசன் (6.44)
பக்கத்து வீட்டிலிருந்து ஒரு புகாரும் இல்லை. டவர் போட வேண்டியவர்கள் போட்டிருந்தால் நாங்கள் ஏன் பூஸ்டர் வாங்கப் போகிறோம்?

மஞ்சுமலை (6.47)
மழையை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே!

டவர்வேலை (6.52)
போனுக்கும் டவருக்கும் நடுவே 4ஜி ஓடும் 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசையில் மழையால் பெரிய இழப்பு வராது, மூடுபனியாலும் வராது. டவருக்கு டவர் போகும் மைக்ரோவேவ் இணைப்பு 10 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் கனமழை பாதிக்கும். ஆனால் அப்போது டவுன்லோடும் சேர்ந்து விழும். இவருக்கு 14 வருகிறதே.

வடம் (6.55)
நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. வயர்லெஸ் வயர்லெஸ்தான். டவுனுக்கு வந்து எடுக்கலாம்.

கிளாவரைக்காரன் (7.08)
வடம் சார், பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் 18 கிலோமீட்டர். வகுப்பு முடிந்து ராத்திரி அந்தக் காட்டு ரோட்டில் ஒரு பெண் தனியாக எப்படித் திரும்புவார்? இந்தப் பிள்ளைகளுக்கு டியூஷன் என்று இருப்பது இது ஒன்றுதான். என் தங்கையும் அதில் படிக்கிறாள். கேரட் காட்டு மேட்டில் உட்கார்ந்துதான் வகுப்பு கேட்கிறாள், அங்கேதான் இரண்டு கோடு வரும். தேடிப் படிக்கச் சொல்வதை விட்டு, தெரிந்ததைச் சொல்லுங்கள்.

வடம் (7.15)
நான் பொதுவாகச் சொன்னேன். தரம் வேண்டும் என்றால் அதற்கான வசதி வேண்டும்.

மேட்டுத்தெரு (7.20)
தரம் என்பது முகம் பளிச்சென்று தெரிவது மட்டுமில்லை, சார். குரல் ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் பரிந்துரையே இருக்கிறது. 400 மில்லிசெகண்டைத் தாண்டினால் பிள்ளை சந்தேகம் கேட்கும்போது டீச்சர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். இரண்டு முறை அப்படி ஆனால் அந்தப் பிள்ளை மூன்றாம் முறை கேட்காது. கணக்கு வகுப்பில் படம் மங்கினால் சமாளிக்கலாம், கேள்வி நின்றுபோனால் முடியாது.

டீச்சர், ஸ்கிரீன் ஷேருக்குப் பதில் அன்றைய கணக்குகளைத் தாளில் எழுதி, படமெடுத்து முன்கூட்டியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். வகுப்பில் குரல் மட்டும் போகட்டும்.

பூண்டுக்காடு (இரவு 9.35)
பேக்கப்தான். போன வாரம் பள்ளி விழாப் படங்கள் 3 ஜிபி லேப்டாப்பில் ஏற்றினேன், வகுப்புக்கு ஹாட்ஸ்பாட் போட்டதும் அது ஓட ஆரம்பித்திருக்கிறது. நிறுத்தினேன். போனை உள் அலமாரியிலிருந்து எடுத்து மேற்கு ஜன்னல் கம்பியில் துணியால் கட்டினேன். அப்லோடு 1.1. அதை முழுசாகக் கொடுத்தாலும் 3 ஜிபி ஏற ஆறு மணி நேரம்! கேமராவை முதல் ஐந்து நிமிடம் மட்டும் போட்டேன், என் முகம் பார்க்காமல் சின்னப் பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. அப்புறம் குரல் மட்டும். முக்கோணவியல் ஒரு மணி நேரம் அறுபடாமல் போனது. எல்லோருக்கும் நன்றி. கவுஞ்சி ஊர்ப் பையனுக்கு மட்டும் இன்னும் விட்டு விட்டுத்தான் கேட்கிறதாம்.

டவர்வேலை (9.50)
அவன் போன் எந்த பேண்டை, அதாவது எந்த அலைவரிசையைப் பிடிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 40 என்றால் அது 2300 மெகாஹெர்ட்ஸ், மலை மடிப்பைத் தாண்டி வளைந்து வராது. 5 அல்லது 8 கிடைக்கும் இடமாகப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள், அவை 850, 900 மெகாஹெர்ட்ஸ், கொஞ்சம் வளைந்து வரும்.

டவர்வேலை (இரண்டு நாள் கழித்து, மாலை 6.40)
டீச்சர், பையனுக்கு எந்த பேண்டு?