நிலைகுலையாத் தரைமோதல்: ஹோண்டுராஸ் விபத்துகளை முன்வைத்து ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஹோண்டுராஸ் நாட்டு விமான விபத்துகள் பற்றிய கட்டுரைக்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். விமானம் விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, அவர் அறியாமல் தரையிலோ மலையிலோ போய் மோதுவதை விமானத் துறையினர் 'கன்ட்ரோல்ட் ஃப்ளைட் இன்டு டெரெய்ன்', சுருக்கமாக 'சிஃபிட்' என்கிறார்கள்; அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பது கேள்வி. பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. என் பரிந்துரையை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: நிலைகுலையாத் தரைமோதல். இந்தச் சொல்லுக்கு ஏன் வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்ல, ஒரு விபத்தையாவது கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

1989 அக்டோபர் 21, காலை நேரம். டான்-சாசா நிறுவனத்தின் 414ஆம் எண் போயிங் 727 விமானம், கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயில் கிளம்பி, நிகராகுவாவின் மனாகுவா வழியாக ஹோண்டுராஸ் தலைநகர் டெகுசிகல்பாவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த ஊரின் டொன்கொன்டின் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. தெற்கிலிருந்து வருகிற விமானம் விருப்பம்போல் சரிந்து இறங்க முடியாது. வழிகாட்டி வானொலி நிலையத்திலிருந்து இவ்வளவு தொலைவில் இருக்கும்வரை இந்த உயரத்துக்குக் கீழே வரக்கூடாது, அதைத் தாண்டிய பிறகு அடுத்த உயரத்துக்கு இறங்கலாம் என்று விமானியின் வரைபடத்தில் படிப்படியாகக் குறித்திருக்கும். 414 அந்தப் படிகளின்படி இறங்கவில்லை. இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே தாழ்ந்துவிட்டது. ஊருக்குத் தெற்கே உள்ள செர்ரோ டி ஊலா மலையில் போய் மோதியது. இருந்தவர்கள் 146 பேர், இறந்தவர்கள் 131 பேர். ஹோண்டுராஸ் மண்ணில் அதைவிடப் பெரிய விமான விபத்து நடந்ததில்லை.

மோதுகிற நொடிவரை அந்த விமானம் விமானி சொன்னபடி பறந்துகொண்டிருந்தது. அவர் இருப்பதாக நம்பிய இடம் ஒன்று, மலை இருந்த இடம் வேறு. நம் செய்தித்தாள்களில் இப்படி ஒரு விபத்து வந்தால் என்ன எழுதுவார்கள்? 'கட்டுப்பாட்டை இழந்து மலையில் மோதி நொறுங்கியது.' பேருந்துக்கும் லாரிக்கும் எழுதிப் பழகிய கை, விமானத்துக்கும் அதையே எழுதிவிடுகிறது. இந்த வகை விபத்துக்கு அதைவிடப் பிழையான வாக்கியம் கிடையாது. கட்டுப்பாட்டை இழக்கவே இல்லை என்பதுதான் இங்கே வரையறையே. அதனால் நாம் ஆக்குகிற சொல், அந்தப் பழகிப்போன வாக்கியத்தை எழுத விடாமல் தடுக்க வேண்டும். என் முதல் அளவுகோல் அதுதான்.

> 'கட்டுப்பாட்டுடன் நிலத்தில் மோதல்' என்று நேரே சொன்னால் என்ன குறை?

ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதைத் தமிழாகக் காதில் வாங்கிப் பாருங்கள். 'கட்டுப்பாட்டுடன் மோதினார்' என்றால் தெரிந்தே, திட்டமிட்டு மோதினார் என்றுதான் படும். 2015இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதி, தன்னோடு சேர்த்து 150 பேரைச் சாகடித்தார். அது இந்த வகையில் சேராது. செர்ரோ டி ஊலாவில் நடந்ததையும் அதையும் ஒரே சொல்லுக்குள் படிக்க வைத்தால், இறந்துபோன விமானிகளுக்கு அது பெரிய அநியாயம்.

> 'அறியா மோதல்' சுருக்கம், இனிமை. அதையே வைக்கலாம்.

சுருக்கம்தான் அம்மா, ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அதன் மேல் ஆசை இருந்தது. இரண்டு தடைகள் உண்டு. யார் அறியாதது, எதில் மோதியது என்று அதில் இல்லை. இரவில் ரயில் தண்டவாளத்தில் யானை அடிபட்டாலும் அதுவும் அறியா மோதல்தான். அடுத்தது, அறிந்தாரா அறியவில்லையா என்பது ஒரு மனிதரின் மனநிலை. விபத்தை வகைப்படுத்துகிறவர்கள் அதற்கு முன்பு பார்ப்பது விமானத்தின் நிலையை: தரையிலோ நீரிலோ தடையிலோ மோதுவதற்கு முன் அது கட்டுப்பாட்டை இழந்ததற்கு அடையாளம் ஏதாவது உண்டா, இல்லையா? சொல் அதன்மேல் நிற்பதே நல்லது.

> 'மலைமோதல்' போதுமே, பெரும்பாலும் மலைதானே?

பெரும்பாலும் மலைதான். மத்திய அமெரிக்காவில் எரிமலையும் உண்டு: 1995 ஆகஸ்ட் 9 அன்று அவியாடெகா 901 விமானம் எல் சால்வடோரின் சான் விசென்டே எரிமலையில் மோதியதில் 65 பேரும் இறந்தார்கள். ஆனால் 1972 டிசம்பர் 29 இரவு ஈஸ்டர்ன் 401 விழுந்த இடம் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலம். மூக்குச் சக்கரத்துக்கான விளக்கு ஏன் எரியவில்லை என்று எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, விமானம் மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டுவிட்டது. அங்கே பல கிலோமீட்டருக்கு மலையே கிடையாது. ஆகவே 'தரை' வேண்டும். மலையும் தரைதானா என்று கேட்டால், வானத்தில் இருப்பவருக்கு எல்லாமே தரைதான்.

சரி, 'நிலைகுலையா' எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு ஜோடி தேவைப்பட்டது. விமானம் உண்மையிலேயே பிடிக்கு அடங்காமல் போகிற விபத்தும் தனி வகை. 1992 ஜூன் 6 அன்று பனாமா நகரத்திலிருந்து கொலம்பியாவின் காலிக்குப் போன கோபா 201 அப்படிப்பட்டது. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி தப்பாகக் காட்டியது. இருட்டில், மழையில், அதை நம்பித் திருப்பினார்கள். விமானம் புரண்டு, தலைகுப்புறப் பாய்ந்து, டாரியன் காட்டின் மேல் காற்றிலேயே உடைந்தது. 47 பேரும் இறந்தார்கள். இதை 'பறப்பில் நிலைகுலைவு' என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் 414ஐ 'நிலைகுலையாத் தரைமோதல்' என்றால், ஒன்றைப் படித்தவருக்கு மற்றது தானாக விளங்கும். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை.

இலக்கணம் பற்றித் தயக்கம் வேண்டாம். வாடா மல்லி, அணையா விளக்கு, தீராப் பகை என்று நாள்தோறும் புழங்குகிற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான் இது. எதிர்மறையை ஒரே எழுத்தில் முடித்துவிடுகிற வசதி நம்மிடம் இருக்கும்போது, 'கட்டுப்பாட்டை இழக்காத நிலையில் நிகழும்' என்று நீட்ட வேண்டியதில்லை. வல்லினம் மிகும் என்பதால் நடுவே 'த்' கட்டாயம். தலைப்பில் அது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

> தமிழருக்கு இந்தச் சொல் அவ்வளவு தேவையா?

தேவைதான். 1974 டிசம்பர் 4 அன்று இந்தோனேசிய ஹஜ் பயணிகளோடு கொழும்புக்கு வந்த மார்ட்டின்ஏர் 138, இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவை ஒட்டிய ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர் இறந்தார்கள். தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்துத் தாழ்ந்ததுதான் காரணம். தமிழ் பேசுகிற தோட்டங்களுக்கு மேலேயே நடந்த நிலைகுலையாத் தரைமோதல் அது. அதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனை நெருங்கிக்கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ 514 வர்ஜீனியாவின் மலையில் இதே முறையில் மோதி 92 பேர் போனார்கள். அதன் பிறகே 'டெரெய்ன், புல் அப்' (தரை, மேலே தூக்கு) என்று குரல் கொடுக்கும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. அந்தக் கருவியை உருவாக்கியவர் டான் பேட்மன் என்ற பொறியாளர். விமானப் பயணத்தில் இவ்வளவு உயிர்களைக் காத்தவர் வேறு யாராவது உண்டா என்பது சந்தேகம்தான்.

கருவிக்குத் 'தரையண்மை எச்சரிப்பி' என்று ஏற்கெனவே இந்தக் குழுவில் வந்த சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றை மட்டும் கட்டுரையில் விளக்கியாக வேண்டும். பழைய எச்சரிப்பி நேர் கீழே மட்டும்தான் பார்த்தது. முன்னால் செங்குத்தாக எழும்பும் மலையை அது சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். சக்கரத்தை இறக்கி இறங்கும் நிலைக்கு வந்துவிட்டாலோ, தரை நெருங்குவது இயல்புதான் என்று எடுத்துக்கொண்டு பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும். உலகின் நிலவமைப்பையே நினைவில் வைத்துக்கொண்டு முன்னால் பார்க்கிற புதியது 1990களில்தான் வந்தது. இதற்கு 'முன்னோக்கு எச்சரிப்பி' என்று போடலாமா?

கட்டுரைக்குத் தேவையான இன்னொரு சொல், 'ஓவர்ரன்' என்பதற்கு. 2008 மே 30 அன்று டாகா நிறுவனத்தின் 390ஆம் எண் ஏர்பஸ் ஏ320 அதே டொன்கொன்டினில் இறங்கியது. மழை பெய்து ஈரமான ஓடுபாதை, தண்ணீர் வடியப் பள்ளக்கோடுகள் வெட்டப்படாதது, நீளமும் குறைவு. முதுகுக்குப் பின்னால் காற்று வேறு. விமானம் நிற்காமல் ஓடுபாதையின் முனையைத் தாண்டிக் கரையிலிருந்து கீழே இருந்த சாலையில் விழுந்தது. விமானி உட்பட விமானத்தில் 3 பேர், சாலையில் 2 பேர் இறந்தார்கள். பல செய்திகளில் இப்படிப்பட்டதை 'ஓடுபாதையிலிருந்து விலகி' என்று எழுதுகிறார்கள். விலகுவது பக்கவாட்டில். இது முனையைக் கடப்பது. ஆகவே 'ஓடுபாதை தாண்டல்', 'ஓடுபாதை விலகல்' என்று இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். 1999 டிசம்பர் 21 அன்று குவாத்தமாலா நகரத்தில் கியூபானா நிறுவனத்தின் டிசி-10 விமானம் ஓடுபாதை முனையைக் கடந்து வீடுகளுக்குள் பாய்ந்ததும் தாண்டல்தான். டெகுசிகல்பாவின் பன்னாட்டுப் போக்குவரத்து 2021 இறுதியில் கொமயாகுவா பள்ளத்தாக்கின் பால்மெரோலாவுக்கு மாறியதற்கு டொன்கொன்டினின் இந்த வரலாறும் ஒரு காரணம்.

கடைசியாக, 414 தவறவிட்ட அந்தப் படிப்படியான இறக்கத்துக்குப் 'படியிறக்கம்' என்று எழுதியிருக்கிறேன். 'அடுக்கிறக்கம்' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். அடுக்கு என்பது ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடப்பது, இங்கே ஒவ்வொன்றாகக் காலெடுத்து வைப்பது. எனக்குப் படிதான் சரியென்று படுகிறது. குழுவில் விமானப் பராமரிப்பிலோ கட்டுப்பாட்டுக் கோபுரத்திலோ வேலை பார்த்தவர்கள் இருந்தால், உங்கள் இடத்தில் வாயில் புழங்குகிற சொல் எது என்று எழுதுங்கள். மறுப்பவர்கள், உங்கள் சொல்லை 414 பற்றிய ஒரு முழு வாக்கியத்தில் வைத்து அனுப்பினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.