பி6-4 கிடைக்கவில்லை, பதிலுக்கு எந்த மோட்டார் போடலாம்?

டெக்சாஸ் பக்கம் மாதிரி ராக்கெட் விடுகிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். பையனுடைய பிக் பெர்த்தா ராக்கெட்டுக்கு (எஸ்டஸ் கம்பெனி மாடல்) வழக்கமாக பி6-4 மோட்டார்தான் போடுவோம் (எழுத்து மோட்டாரின் சக்தி வகை, கடைசி எண் எரிந்து முடிந்த எத்தனை விநாடியில் பாராசூட்டைத் தள்ளும் என்பது). இப்போது எந்தக் கடையிலும் இல்லை. கைக்குக் கிடைப்பது பி4-4, பி4-2, சி5-3 மூன்றும்தான். எல்லாமே 18 மி.மீ. என்பதால் உள்ளே பொருந்துவதில் சிக்கல் இல்லை.

எடைதான் இடிக்கிறது. பக்கவாட்டில் ஒரு குட்டி கேமராவை டேப் போட்டு ஒட்டியிருக்கிறான் (கழற்றச் சொன்னால் முகம் தொங்கிவிடும்). மோட்டாரோடு சேர்த்து 105 கிராம் வருகிறது. பி4-4க்கு எஸ்டஸ் சொல்லும் உச்ச எடை 99 கிராம், ஆக அது கழிந்தது. பி4-2 என்றால் 113 வரை தாங்கும். ஆனால் எரிந்து முடிந்த 2 விநாடியில் பாராசூட்டைத் தள்ளிவிடுமே, ராக்கெட் இன்னும் வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் பாராசூட் கிழியாதா? தடித்த உடம்பு, பெரிய துடுப்பு, அதனால் சீக்கிரமே வேகம் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. பறக்கவிட்டுப் பார்த்தவர்கள் சொன்னால் நம்பிக்கை வரும்.

சி5-3க்கு இந்த எடை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சி வகைக்கு 400 அடி மைதானம் வேண்டும் என்பது என்.ஏ.ஆர். (அமெரிக்காவின் தேசிய ராக்கெட் சங்கம்) விதி. எங்களுக்கு இருப்பது 250 அடிதான், ஓரத்தில் வரிசையாக ஓக் மரங்கள் வேறு.

பி4-2ஐப் போட்டு மூன்றடி ஏவுகம்பியில் விட்டால் நேராகக் கிளம்புமா, இல்லை நீளமான கம்பி வாங்க வேண்டுமா?