32 ஆம்பியர் எம்சிபியில் (கரண்டு மிஞ்சினால் தானே விழுந்து இணைப்பை அறுக்கும் பிரேக்கர்) 32 ஆம்பியர் பிடியு (சர்வர் ரேக்கில் மாட்டும் பவர் ஸ்ட்ரிப்): முழுசா இழுக்கலாமா?

சிறுசேரி நைட்ஷிப்ட்:
பக்கத்து இழையில் ஒரு மகான் எழுதியிருக்கிறார்: "32 ஆம்பியர் எம்சிபி, 32 ஆம்பியர் பிடியு. பொருந்திவிட்டது. ரேக்கில் 32 ஆம்பியரும் இழுக்கலாம். 80 சதவீதம் என்பதெல்லாம் அமெரிக்காக்காரன் விதி." நாலு பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். இப்படி நிரப்பி வைத்துவிட்டுப் போகிறவர்களால்தான் ராத்திரி 2 மணிக்கு எங்களுக்குப் போன் வருகிறது. 32 என்றால் அதில் 80 சதவீதம், 25.6. அதற்கு மேல் கிடையாது.

பழைய வயர்மேன்:
அந்த மகான் நான்தான் தம்பி, நேரிலேயே திட்டலாம். 25.6 எந்த இந்திய விதியில் இருக்கிறது, காட்டு. அமெரிக்க மின் விதிப் புத்தகமான என்இசியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் லோடுக்கு, அந்த லோடில் 125 சதவீத அளவுக்குப் பிரேக்கர் போடச் சொல்கிறான்; திருப்பிப் பார்த்தால் அதுதான் உன் 80. அதனால்தான் அங்கே 30 ஆம்பியர் பிளக் வைத்த பிடியு மேல் 24 என்று அச்சடித்து விற்கிறார்கள். நாம் இங்கே வாங்குவது ஐஇசி என்ற சர்வதேசத் தரத்து எம்சிபி. 1.13 மடங்கு கரண்டில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும் என்பது அதன் டெஸ்ட். அதாவது 36 ஆம்பியர். 32-க்கே பயப்படுகிறவர் வேறு வேலை பார்க்கலாம்.

சிறுசேரி நைட்ஷிப்ட்:
அந்த டெஸ்ட் 30 டிகிரியில் நடப்பது. அதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்களே!

பழைய வயர்மேன்:
சர்வர் ரூமில் ஏசி 22-ல் ஓடுகிறது. இன்னும் நல்லதுதானே?

மூணு ஃபேஸ்:
டிபி, அதாவது எம்சிபிகள் இருக்கிற பெட்டி, சர்வர் ரூமுக்குள்ளேயா இருக்கிறது அண்ணே? அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பில்டிங்கில் அது மாடிப்படி ஓரத்தில், ஏசி எட்டாத இடத்தில் நிற்கிறது. அக்னி நட்சத்திரத்தில் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். எம்சிபிகளை இட்லித் தட்டு மாதிரி இடைவெளியே இல்லாமல் அடுக்கியிருக்கிறான். உள்ளே இருக்கிற பைமெட்டல் பட்டைக்குக் கரண்டு சூடா, வெயில் சூடா என்று தெரியாது, வளைந்து எம்சிபியை விழ வைத்துவிடும். கம்பெனி கேட்டலாக்கில் டெம்பரேச்சர் பட்டியல் இருக்கிறது, 50 டிகிரிக்கு நேராக 32 என்று எங்காவது போட்டிருக்கிறதா பாருங்கள்.

பழைய வயர்மேன்:
டிபியை அனலில் வைத்தது உங்கள் கன்சல்டன்ட் தப்பு. எம்சிபி என்ன செய்யும்? 32 என்றால் 32.

சிறுசேரி நைட்ஷிப்ட்:
25.6.

ரேக் ராணி:
இருவரும் ஒரே எண்ணைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறீர்கள், இரட்டை ஃபீடை, அதாவது ஒரே ரேக்குக்கு ஏ, பி என்று இரண்டு தனி மின் வழி வருவதை, யாரும் பேசவே இல்லை. ஏ-யில் 20, பி-யில் 20 ஓடுகிறது என்று வையுங்கள். 25.6-க்கும் உள்ளே, 32-க்கும் உள்ளே. இரண்டு பேர் கணக்குப்படியும் பாஸ். ஏ போனால் பி-யில் 40. அது 1.25 மடங்கு. விழாமல் நிற்க வேண்டிய 1.13-க்கு மேல், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டிய 1.45-க்குக் கீழ். பத்து நிமிஷத்தில் விழுமா, ஒரு மணி நேரம் தாண்டியும் நிற்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. விழுந்தால் மொத்த ரேக்கும் போச்சு.

பழைய வயர்மேன்:
ஒரு ஃபீடுக்கு 16 என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அம்மா. நான் மறுத்தேனா?

ரேக் ராணி:
"ரேக்கில் 32 ஆம்பியரும் இழுக்கலாம்" என்று எழுதியது நீங்கள்தானே சார். ஒரு ஃபீடா, இரண்டா என்று ஒரு வார்த்தை இல்லை. அப்புறம், நான் உங்களுக்கு அம்மா இல்லை.

பழைய வயர்மேன்:
இரண்டு பக்கத்தையும் கூட்டினால் 32 வருகிறதா இல்லையா? நான் சொன்னதுதான் சரி. ஃபீல்டில் இறங்கி 6 ஸ்கொயர் கேபிளை வளைத்து லக் அடித்துப் பார்த்தவனுக்குத் தெரியும். எக்செல்லில் ரேக் கட்டுகிறவர்களுக்கு எல்லாமே பயம்.

சிறுசேரி நைட்ஷிப்ட்:
இதே ஆள்தான் போன வருஷம் யுபிஎஸ் பேட்டரி ரூமுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் தேவையில்லை என்று மூன்று பக்கம் சண்டை போட்டார். நினைவிருக்கிறதா?

பழைய வயர்மேன்:
அது சீல் செய்த பேட்டரி. அதை ஏன் இங்கே இழுக்கிறாய்? ஐடிஐ படித்தவன் பேசினால் பிஈ படித்தவர்களுக்கு எரிகிறது, அதுதான் விஷயம்.

மூணு ஃபேஸ்:
நானும் ஐடிஐதான் அண்ணே. எனக்கு எரியவில்லை. டிபிதான் எரிகிறது.

வீட்டு லேப்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய அமெரிக்க பிடியு ஒன்று மலிவாகக் கிடைத்தது. எல்6-30 என்ற அமெரிக்க 30 ஆம்பியர் பிளக், மேலே 24 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பிளக்கை வெட்டிவிட்டு நம்ம ஊர் 16 ஆம்பியர் மூணு பின் மாட்டினேன். நன்றாகத்தான் ஓடுகிறது.

சிறுசேரி நைட்ஷிப்ட்:
கடவுளே.

பழைய வயர்மேன்:
இவரை விட்டுவிட்டு என்னைத் திட்டுகிறீர்கள்! 24 இழுக்கிற பெட்டியை 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டியிருக்கிறார். சாக்கெட் உருகினால்தான் புத்தி வரும். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் 32 ஆம்பியர் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் கிடைக்கும், வாங்கித் தனி சர்க்யூட் இழுங்கள்.

வீட்டு லேப்:
மூன்றே சர்வர் சார். மொத்தம் 4 ஆம்பியர்கூட வராது. அந்தத் தெருவில் பிராண்ட் சரக்குக்குப் பக்கத்திலேயே டூப்ளிகேட்டும் விற்கிறார்களே?

பழைய வயர்மேன்:
யார் சொன்னது? என் கடைக்காரரிடம் வாங்கினால் பில்லோடு தருவார்.

ரேக் ராணி:
சாக்கெட் கடை விளம்பரம் முடிந்ததா? 32 ஆம்பியர் பிடியுவுக்குள்ளேயே பெரும்பாலும் 16, 16 என்று இரண்டு பிரேக்கர் இருக்கும். கனமான சர்வர்களையெல்லாம் மேல் பாதியில் செருகிவிட்டால் டிபியில் 32 இருந்தாலும், 25.6 இருந்தாலும் மேல் பாதி 16-லேயே படுத்துவிடும். இதை இரண்டு பேரும் தொடவே இல்லை.

பழைய வயர்மேன்:
16-ம் 16-ம் எவ்வளவு? 32. அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

சிறுசேரி நைட்ஷிப்ட்:
25.6. டிபி கதவைத் திறந்து தெர்மாமீட்டர் வைத்துப் போட்டோ போடுங்கள், பேசலாம்.

பழைய வயர்மேன்:
நீ முதலில் இந்திய விதி நம்பரைப் போடு. கேட்டு எவ்வளவு நேரமாகிறது.