புதுப்பிப்பு: குடும்பப் படத்தில் பின்வரிசை மங்கல், தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 (லென்ஸ் துவாரம் அகலமாகத் திறந்த அளவு) வைத்தால் முன்வரிசையில் அப்புச்சியும் அம்மாயியும் தெளிவாக, பின்வரிசை மட்டும் மங்கலாக வருகிறதே என்று கேட்டிருந்தேன். ‘துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வை, கொஞ்சம் பின்னால் தள்ளி நில், முன்வரிசைக் கண்ணில் ஃபோகஸ் செய்’ என்ற யோசனைதான் பலித்தது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளை (தோட்ட வீடு) வாசலில், சாயங்கால நிழலில் எடுத்தேன்: ஷட்டர் வேகம் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800. பின்வரிசை அத்தையின் மூக்குத்தி வரை துல்லியம்!

எதிர்பாராதது ஒன்று. ஆண்கள் எல்லோரும் வெள்ளை வேட்டி சட்டை. அத்தனை வெள்ளைக்கும் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துவிட, முகங்கள் கறுத்தன. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 ஏற்றியதும் சரியானது. அப்புறம், தென்னைக்கு அடியில் நிறுத்தினால் முகத்தில் பச்சைச் சாயல் ஏறுகிறது. என்னைக் கேட்டால் வாசல் நிழலே மேல்.